லுங்கிக்கு நடுவே லேப்டாப், பெட்டிக்குள் பவர் பேங்க்... விமானத்தில் பேட்டரி தீப்பிடித்தால் என்ன ஆகும்?

மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து யாராவது வெளிநாட்டுக்குக் கிளம்புகிறார்கள் என்றால், முந்தின நாள் ராத்திரி அந்த வீட்டுக் கூடத்தில் சூட்கேஸ் திறந்தபடியே கிடக்கும். பண்ருட்டி முந்திரி ஒரு பக்கம், முறுக்கும் அதிரசமும் ஒரு பக்கம், நான்கு கவர் போட்டுக் கட்டிய ஊறுகாய் பாட்டில் நடுவில். அரை கிலோ கூடிவிட்டது என்று ஒன்றை எடுப்பார்கள், மனசு கேட்காமல் திரும்ப வைப்பார்கள்.

பெரியம்மா மகன் கத்தாருக்குக் கிளம்பிய அன்றும் இதேதான் நடந்தது. அண்ணனின் லேப்டாப்பை இரண்டு லுங்கிகளுக்கு நடுவே வைத்து மடித்தார் பெரியம்மா. "இப்படி வெச்சாதான் அடி படாது" என்றார். பவர் பேங்க், ஒரு ஜோடி சாக்ஸுக்குள் போனது. பெட்டியைப் பூட்டி, கயிறு சுற்றி, அதன் மேல் மார்க்கரால் பெயரும் எழுதியாயிற்று.

சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் வாங்கி, எல்லாம் முடிந்தது என்று அண்ணன் நிம்மதியாக இருந்த நேரத்தில், அவர் பெயரைச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தால், எக்ஸ்ரேவில் மாட்டிய அவருடைய பெட்டி ஓரமாக நிற்கிறது. கயிற்றை அறுத்து, முறுக்கு டப்பாவை வெளியே வைத்து, சாக்ஸுக்குள் இருந்த பவர் பேங்க்கை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். "லேப்டாப்பையும் நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க சார், அதுதான் நல்லது" என்றாராம் அங்கிருந்த ஊழியர். விமானம் தவறவில்லை. ஆனால், அந்த அரை மணி நேரம் அண்ணனுக்குக் கை கால் ஓடவில்லை.

விஷயத்தைக் கேட்ட பெரியம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏம் பாப்பா, அது வெடிக்கிற சாமான்னா பெட்டிக்குள்ள தூரமா இருக்கிறதுதானே நல்லது? பக்கத்துல வெச்சுக்கிட்டா புள்ளை மேலதானே வெடிக்கும்? அதைப் போய் கையில வெச்சுக்கோன்னு சொல்றாங்களே!"

நியாயமான கேள்வி. விமானம் ஏறும் பலருக்கும் இதே சந்தேகம் இருக்கும். இதற்கான பதில், ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒரு சென்னை விமானத்தின் கதையில் இருக்கிறது.

சென்னைக்கு வந்த விமானத்தில் புகை!

2016 செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தது இண்டிகோ 6இ-054 விமானம். சென்னையை நெருங்கும் நேரத்தில், ஏதோ கருகுவதுபோல நாற்றம் வருவதைச் சில பயணிகள் உணர்ந்தார்கள். உடனே பணிப்பெண்களை அழைத்தார்கள். 23-ம் வரிசை இருக்கைக்கு மேலே, பைகள் வைக்கும் பெட்டியிலிருந்து லேசாகப் புகை வந்தது.

ஊழியர்கள் பதறவில்லை. விமானிக்குத் தகவல் போனது. விமானி தரைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொன்னார். அந்த வரிசையில் இருந்தவர்களை வேறு இருக்கைகளுக்கு மாற்றினார்கள். மேலே இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தபோது, ஒரு பைக்குள் இருந்த சாம்சங் நோட் 2 செல்போனிலிருந்து புகை வருவது தெரிந்தது. தீயணைப்பான் அடித்தார்கள். பிறகு, கழிவறையில் தண்ணீர் நிரப்பி வைத்த ஒரு பாத்திரத்தில் அந்த போனைப் போட்டார்கள். விமானம் வழக்கம்போலச் சென்னையில் இறங்கியது. யாருக்கும் காயம் இல்லை.

சாம்சங்கின் நோட் 7 போன்கள் தீப்பிடிப்பதாக உலகமே பேசிக்கொண்டிருந்த மாதம் அது. ஆனால், சென்னை விமானத்தில் புகைந்தது நோட் 7 அல்ல, 2012-ல் வெளியான நோட் 2. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ, சாம்சங் அதிகாரிகளை அழைத்து விளக்கம் கேட்டது.

இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். அந்த போன், பயணிகளின் தலைக்கு மேல் இருந்ததால்தான் நாற்றம் தெரிந்தது. நாற்றம் தெரிந்ததால்தான் ஊழியர்கள் வந்தார்கள். ஊழியர்கள் வந்ததால்தான் அது தண்ணீருக்குள் போனது. அதே போன் விமானத்தின் வயிற்றில், நூறு பெட்டிகளுக்கு அடியில், ஒரு லுங்கி மடிப்புக்குள் இருந்திருந்தால்? அங்கே மூக்கும் இல்லை, கையும் இல்லை.

அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

போன், லேப்டாப், பவர் பேங்க், காதில் மாட்டும் இயர்பட்ஸ் என எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம் அயன் பேட்டரிதான். 1991-ல் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குறைந்த எடையில் அதிக மின்சாரத்தைச் சேமிக்கலாம் என்பது இதன் பெருமை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

பேட்டரிக்குள் பாசிட்டிவ், நெகட்டிவ் என இரண்டு தகடுகள். இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுவிடாமல் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் திரை. அந்தத் திரை, தலைமுடியைவிட மெலிதானது. சுற்றிலும் எளிதில் தீப்பற்றக்கூடிய ஒரு திரவம். திரை கிழியாதவரை பிரச்னை இல்லை. கீழே விழுந்து நசுங்கினாலோ, தயாரிப்பில் ஒரு துளி உலோகத் தூசு உள்ளே தங்கிவிட்டாலோ, மட்டமான சார்ஜரால் அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினாலோ திரை சேதமாகும். இரண்டு தகடுகளும் தொட்டுக்கொள்ளும். உள்ளேயே ஷார்ட் சர்க்யூட்!

அதன் பிறகு நடப்பது சங்கிலித்தொடர். சூடு ஏறுகிறது. சூட்டில் ரசாயன மாற்றம் நடக்கிறது. அந்த மாற்றமே இன்னும் சூட்டை உண்டாக்குகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அதை யாராலும் நிறுத்த முடியாது. விஞ்ஞானிகள் இதை 'தெர்மல் ரன்அவே' என்கிறார்கள். கட்டறுத்துக்கொண்டு ஓடும் காளைபோல, சூடு கட்டுப்பாடின்றி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே உண்டாகும் வாயு பேட்டரியை உப்ப வைக்கும், பிறகு பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். அந்த வாயு தீப்பற்றக்கூடியது, சுவாசித்தால் நச்சு.

லேப்டாப் பேட்டரி என்பது ஒரே பேட்டரி அல்ல. உள்ளே மூன்று, நான்கு, ஆறு என்று பல செல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரு செல் எரிந்தால், அந்தச் சூட்டில் அடுத்த செல்லும் பற்றும். தீ அணைந்துவிட்டது என்று நினைத்து நகர்ந்தால், சில நிமிடங்களில் மறுபடி பற்றிக்கொள்வது இதனால்தான்.

சரக்கு அறையில் ஏன் கூடாது?

விமானத்தின் கீழே, நம் பெட்டிகள் போகும் இடத்திலும் தீயணைக்கும் வசதி இருக்கிறது. அங்கே தீப்பிடித்தால் ஹாலான் என்ற வாயுவைப் பாய்ச்சுவார்கள். துணி, காகிதம், அட்டை எரிந்தால் ஹாலான் நன்றாக வேலை செய்யும். ஆனால், அது சுடரை அடக்குமே தவிர, பேட்டரியைக் குளிர வைக்காது. உள்ளுக்குள் சூடு ஓடிக்கொண்டே இருக்கும்.

2017-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ ஒரு சோதனை செய்தது. முழுக்க சார்ஜ் ஏற்றிய லேப்டாப்பை, மற்ற பொருள்களோடு ஒரு சூட்கேஸில் வைத்தார்கள். பேட்டரியோடு ஒரு ஹீட்டரை ஒட்டிச் சூடேற்றினார்கள். ஒரு சோதனையில், லேப்டாப் பக்கத்தில் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே டப்பா ஒன்றையும் வைத்தார்கள். உடனடியாகத் தீ பற்றியது. 40 நொடிகளுக்குள் அந்த ஸ்ப்ரே டப்பா வெடித்தது. ஹாலான் வேலை செய்யத் தொடங்குவதற்குள் வெடிப்பு நடந்துவிடும் என்பதுதான் அந்தச் சோதனை சொன்ன பாடம். வெளிநாட்டுப் பெட்டிகளில் சென்ட் பாட்டிலும் டியோடரன்ட்டும் இல்லாத பெட்டி எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்தச் சோதனை நடந்த காலம் சுவாரஸ்யமானது. அதே ஆண்டு மார்ச்சில், துபாய், அபுதாபி, தோஹா உள்ளிட்ட 10 விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா வருபவர்கள் லேப்டாப்பைக் கையில் கொண்டுவரக் கூடாது, பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று அமெரிக்கா உத்தரவு போட்டது. காரணம், வெடிகுண்டு பயம். வளைகுடா வழியாக அமெரிக்கா போகும் நம் ஊர்க்காரர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். 'ஒரு ஆபத்தைத் தவிர்க்கப் போய் இன்னொரு ஆபத்தைச் சரக்கு அறைக்கு அனுப்புகிறோமே' என்ற வாதம் அப்போதே எழுந்தது. சில மாதங்களிலேயே அந்தத் தடை விலக்கப்பட்டது.

சரக்கு அறையில் பேட்டரி எரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு உயிர்ப்பலி கொடுத்த உதாரணமும் உண்டு. 2010 செப்டம்பர் 3 அன்று, துபாயிலிருந்து ஜெர்மனிக்குக் கிளம்பியது யு.பி.எஸ் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம். அதில் 81,000-க்கும் அதிகமான லித்தியம் பேட்டரிகள் இருந்தன. கிளம்பிச் சுமார் 22 நிமிடங்களில் தீ எச்சரிக்கை வந்தது. துபாய்க்குத் திரும்ப முயன்றார்கள். விமானி அறை முழுக்கப் புகை. கருவிகளையே பார்க்க முடியவில்லை. விமானம் துபாயில் விழுந்து நொறுங்கியது. இரண்டு விமானிகளும் இறந்துபோனார்கள்.

2016 ஏப்ரல் 1 முதல், பயணிகள் விமானத்தில் லித்தியம் அயன் பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றக் கூடாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தடை விதித்தது. சரக்கு விமானத்தில் தனியாக அனுப்பும்போதும் சார்ஜ் 30 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. பேட்டரியில் சார்ஜ் குறைவாக இருந்தால், பற்றினாலும் வீரியம் குறையும் என்பதுதான் கணக்கு.

இப்போது தலைக்கு மேலும் கூடாது!

'சரி, பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில் வைத்து மேலே ஏற்றிவிடலாமா?' என்று கேட்டால், இப்போது அதற்கும் 'வேண்டாம்' என்றுதான் பதில்.

2025 ஜனவரி 28 இரவு. தென்கொரியாவின் பூசான் நகரில் உள்ள கிம்ஹே விமான நிலையத்தில் ஹாங்காங் கிளம்பத் தயாராக நின்றது ஏர் பூசான் விமானம். பயணிகளும் ஊழியர்களுமாக உள்ளே 176 பேர். பின்பக்கம், பைகள் வைக்கும் பெட்டியிலிருந்து தீ கிளம்பியது. அவசரச் சறுக்குப் பாதைகள் வழியாக எல்லோரும் வெளியேறினார்கள். சிலருக்குக் காயம், உயிரிழப்பு இல்லை. ஆனால், விமானத்தின் கூரை நீளவாக்கில் எரிந்துபோனது. ஒரு பவர் பேங்க்குக்குள் ஏற்பட்ட கோளாறே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் பின்னர் தெரிவித்தார்கள்.

நினைத்துப் பாருங்கள். விமானம் தரையில் நின்றதால் கதவைத் திறக்க முடிந்தது. அதே தீ 35,000 அடி உயரத்தில் பிடித்திருந்தால் எந்தக் கதவைத் திறப்பது?

அதன் பிறகு விதிகள் வேகமாக மாறின. 2025 மார்ச் 1 முதல் தென்கொரிய விமானங்களில் பவர் பேங்க்கை மேலே வைக்கக் கூடாது. கையிலோ முன் இருக்கைப் பையிலோ கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும். ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், விமானத்துக்குள் பவர் பேங்க்கால் போனுக்கு சார்ஜ் போடுவதற்கும், பவர் பேங்க்குக்கே சார்ஜ் ஏற்றுவதற்கும் தடை விதித்தது. அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸ் நிறுவனம், ஒருவருக்கு ஒரே ஒரு பவர் பேங்க்தான், அதையும் பயன்படுத்தக் கூடாது என்றது.

நம் நாட்டிலும் மணி அடித்தது. 2025 அக்டோபர் 19 அன்று, டெல்லியிலிருந்து நாகாலாந்தின் திமாப்பூருக்குக் கிளம்பிய இண்டிகோ விமானம், ஓடுபாதையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. இருக்கைக்கு முன்னால் உள்ள பையில் ஒரு பயணி வைத்திருந்த மின்னணுச் சாதனம் தீப்பிடித்தது. பவர் பேங்க் என்று செய்திகள் வந்தன. கண்ணெதிரே இருந்ததால் ஊழியர்கள் நொடிகளில் அணைத்துவிட்டார்கள். விமானம் திரும்பி வந்தது, யாருக்கும் காயம் இல்லை.

அடுத்த மாதமே டி.ஜி.சி.ஏ விமான நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பவர் பேங்க்கும் உதிரி பேட்டரியும் கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும், தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைக்கக் கூடாது என்றது. விமானத்துக்குள் பவர் பேங்க்கால் சார்ஜ் போடவும் கூடாது.

அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ கணக்கின்படி, 2024-ல் மட்டும் விமானங்களிலும் விமான நிலையங்களிலும் 80-க்கும் மேற்பட்ட பேட்டரி புகை, தீச் சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. பறக்கும் விமானங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்தான். பயந்து பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. பெட்டி அடுக்கும்போது ஐந்து நிமிடம் யோசித்தால் போதும்.

லேப்டாப்பும் லேசுப்பட்டதல்ல

பவர் பேங்க்தானே பிரச்னை, லேப்டாப் பெரிய கம்பெனி பொருளாயிற்றே என்று நினைக்க வேண்டாம். 2006-ல் ஜப்பானின் ஒசாகாவில் ஒரு கூட்டத்தில் டெல் லேப்டாப் ஒன்று தீப்பிடித்து எரிந்த படம் உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஆகஸ்ட்டில் டெல் நிறுவனம் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அவை சோனி தயாரித்த செல்கள். ஆப்பிள், லெனோவா உள்ளிட்ட நிறுவனங்களும் அதே காரணத்துக்காகத் தங்கள் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றன.

2019 ஜூனில் ஆப்பிள் நிறுவனம், 2015 செப்டம்பர் முதல் 2017 பிப்ரவரி வரை பெரும்பாலும் விற்கப்பட்ட 15 இன்ச் மேக்புக் ப்ரோ லேப்டாப்களில் சிலவற்றின் பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கலாம் என்று சொல்லி, இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. அந்த ஆகஸ்ட்டில் டி.ஜி.சி.ஏ-வும், பேட்டரியை மாற்றும் வரை அந்த லேப்டாப்களை விமானத்தில் கொண்டுவர வேண்டாம் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டது.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள், மாடல் நம்பரைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. திரும்பப் பெறும் பட்டியலில் இருந்தால் பேட்டரியை மாற்றித்தருவார்கள்.

உங்கள் பவர் பேங்க் எத்தனை 'வாட் ஹவர்'?

விமான விதிகள் எல்லாம் 'வாட் ஹவர்' கணக்கில்தான் பேசும். பவர் பேங்க்கில் பெரிதாக அச்சடித்திருப்பது 'எம்.ஏ.ஹெச்'. குழப்பம் இங்கேதான். கணக்கு எளிது. எம்.ஏ.ஹெச் எண்ணை 1,000-ஆல் வகுத்து, 3.7-ஆல் பெருக்குங்கள்.

* 10,000 எம்.ஏ.ஹெச் என்றால் 37 வாட் ஹவர்
* 20,000 எம்.ஏ.ஹெச் என்றால் 74 வாட் ஹவர்
* 27,000 எம்.ஏ.ஹெச் என்றால் ஏறத்தாழ 100 வாட் ஹவர்
* 30,000 எம்.ஏ.ஹெச் என்றால் 111 வாட் ஹவர்

100 வாட் ஹவர் வரை அனுமதி கேட்கத் தேவையில்லை, கைப்பையில் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை என்றால், விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். உதிரியாக இரண்டுக்கு மேல் கூடாது. 160-க்கு மேல் பயணிகள் கொண்டுபோக முடியாது. இது பொது விதி. எத்தனை கொண்டுபோகலாம், பயன்படுத்தலாமா என்பதில் ஒவ்வொரு விமான நிறுவனமும் இன்னும் கறாராக இருக்கலாம். டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வழக்கமான லேப்டாப்கள் இந்த 100 வாட் ஹவருக்குள்தான் இருக்கும். பெரிய லேப்டாப்களின் பேட்டரிகூட 99 என்ற எண்ணில் வந்து நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? விமானத்தில் ஏற்ற வேண்டும் என்பதற்காகவே அந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பவர் பேங்க்கின் முதுகில் எண்கள் அழிந்துபோயிருந்தால், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிட வாய்ப்பு உண்டு. அதில் வாதாடிப் பயனில்லை.

பெட்டி கட்டும்முன்...

1. பவர் பேங்க், உதிரி பேட்டரி, கேமரா பேட்டரி எதுவும் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது. கைப்பைதான்.

2. லேப்டாப்பையும் கையிலேயே கொண்டுபோங்கள். வேறு வழியே இல்லாமல் பெட்டியில் வைத்தால், முழுவதும் ஷட் டவுன் செய்திருக்க வேண்டும். மூடி வைத்தால் 'ஸ்லீப்'பில்தான் இருக்கும், அது போதாது. சென்ட், ஸ்ப்ரே பக்கத்தில் கூடவே கூடாது.

3. உதிரி பேட்டரிகளை ஒவ்வொன்றாகத் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். உலோக முனைகளில் டேப் ஒட்டுங்கள். சாவிக்கொத்தும் சில்லறைக் காசும் பேட்டரி முனையில் பட்டால் ஷார்ட் ஆகும்.

4. உப்பிய பேட்டரி, நசுங்கிய பவர் பேங்க், தண்ணீரில் விழுந்து எழுந்த போன் இவற்றை விமானத்துக்கே கொண்டுபோகாதீர்கள்.

5. கடைசி நேரத்தில், 'மேலே இடமில்லை, உங்கள் கைப்பையைக் கீழே அனுப்புகிறோம்' என்று ஊழியர்கள் வாங்கிக்கொள்வது உண்டு. புதுச்சேரியிலிருந்து பெங்களூரு, ஹைதராபாத்துக்குப் பறக்கும் ஏ.டி.ஆர் போன்ற சிறிய விமானங்களில் மேலே இடம் குறைவு. பையைக் கொடுக்கும்முன் லேப்டாப்பையும் பவர் பேங்க்கையும் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். பலரும் மறக்கும் இடம் இதுதான். இவற்றை முதலிலேயே ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, அதைக் கைப்பைக்குள் மேலாக வைத்தால் வேலை சுலபம்.

6. சக்கரமும் சார்ஜரும் உள்ள 'ஸ்மார்ட்' சூட்கேஸ் வாங்கினால், பேட்டரியைக் கழற்ற முடிகிற மாதிரிப் பார்த்து வாங்குங்கள். கழற்ற முடியாததை விமானத்தில் ஏற்ற மறுக்கலாம்.

விமானத்துக்குள் புகை வந்தால்..?

உங்கள் போனோ, பக்கத்தில் இருப்பவரின் பவர் பேங்க்கோ அளவுக்கு மீறிச் சுட்டால், உப்பினால், 'உஸ்' என்று சத்தம் வந்தால், இனிப்பும் காரமும் கலந்த ரசாயன வாடை அடித்தால் உடனே ஊழியரைக் கூப்பிடுங்கள். 'நம்மைத் திட்டுவார்களோ' என்று மறைக்காதீர்கள். சென்னை விமானத்தைக் காப்பாற்றியது, வாயைத் திறந்து சொன்ன பயணிகள்தான்.

போன், இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ கூடாது. அதன் இயந்திரத்தில் சிக்கி போன் நசுங்கிப் பற்றிய சம்பவங்கள் உண்டு. எழுந்து நின்று ஊழியரிடம் சொல்லுங்கள், அவர்கள் எடுத்துத் தருவார்கள்.

ஊழியர்கள் முதலில் ஹாலான் தீயணைப்பானால் சுடரை அடக்குவார்கள். பிறகு தண்ணீரோ, ஜூஸோ, கையில் கிடைக்கும் திரவத்தை ஊற்றிக் குளிர வைப்பார்கள். 'லித்தியத்தில் தண்ணீர் பட்டால் வெடிக்குமே' என்று பள்ளிப் பாடம் நினைவுக்கு வரலாம். அது சுத்த லித்தியம் உலோகத்துக்கு. நம் போனிலும் லேப்டாப்பிலும் இருக்கும் பேட்டரிக்குத் தண்ணீர்தான் மருந்து. ஆனால், ஐஸ் கட்டியைப் போடக் கூடாது. அது மேலே மூடிக்கொண்டு உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற விடாது.

விமானத்தை விட்டு வெளியேறச் சொன்னால், பையைத் தேடாதீர்கள். மேலே இருக்கும் பையை எடுக்க நீங்கள் நிற்கும் பத்து நொடி, உங்களுக்குப் பின்னால் நிற்பவரின் உயிர்.

வீட்டிலும் இதே பேட்டரிதான்

விமானத்திலாவது பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருக்கிறார்கள். வீட்டில் நாம்தான் இருக்கிறோம். ராத்திரி லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவது, தலையணைக்கு அடியில் போனை வைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். மெத்தை, சூடு வெளியேறும் வழியை அடைத்துவிடும். மேஜை மேல், கெட்டியான பரப்பில் வைத்து சார்ஜ் போடுங்கள்.

லேப்டாப்பின் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருகிறதா? மூடினால் சரியாக மூடவில்லையா? பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை அழுத்தாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். 'ஒரிஜினல் மாதிரியே இருக்கும், பாதி விலை' என்று வரும் பேட்டரியில், எந்த செல் இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. பி.ஐ.எஸ் பதிவு எண் இல்லாத பேட்டரியையும் பவர் பேங்க்கையும் வாங்க வேண்டாம். பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கேயும் தீதான்.

வீட்டில் பேட்டரி பற்றிக்கொண்டால், முடிந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரையும் வெளியேற்றுங்கள். புகையை சுவாசிக்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள்.

பெரியம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ பக்கத்துல இருந்தா நாலு பேரு பார்ப்பாங்க, அணைப்பாங்க. பெட்டிக்குள்ள இருந்தா யாருக்கும் தெரியாது. அதானே?" என்றார். அவ்வளவுதான் விஷயம். நான் இத்தனை பத்தி எழுதியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அடுத்த முறை அண்ணன் லீவு முடிந்து கிளம்பும்போது, லுங்கிகளுக்கு நடுவே ஊறுகாய் பாட்டில் போகும். லேப்டாப் தோளில் போகும்.